தண்ணீர்ப் பந்தரும் தண்ணளியும்

அறம் என்றவளவில் கோயிலெடுத்தல், குளந்தொடுதல், மடம் நிறுவுதல் முதலிய பெருஞ்செயல்களையே உலகினர் நினைப்பர். அவை பொருளுடையார்க்கே இயல்வன. வழியறியாது நிற்பார்க்கு வழிகாட்டல், நீர்வேட்கையுற்றார்க்கு ஒரு குவளை நீர் தருதல், எழுத்தறியாத முதியோர்க்குப் பேருந்தின் ஊர்ப்பெயரைப் படித்துச் சொல்லுதல் என்னும் இவையோ யாவர்க்கும் இயல்வன. எளியவாதல் பற்றியே இவை அறமென எண்ணப்படாதொழிகின்றன. இவற்றைச் சைவநூல்கள் எந்நிலையில் வைத்தன என்பது ஈண்டு ஆராயப்படும்.

திருமூலர் முதல் தந்திரத்தில் அறஞ்செய்வான் திறங் கூறுமிடத்து, எல்லார்க்கும் இயலும் செயல்கள் நான்கினை எடுத்தோதினார். இறைவனுக்குப் பச்சிலை சாத்தலை முதற்கண் வைத்தவர், பிறரிடத்து இன்சொற் கூறலை அந்நிரையிலேயே இறுதிக்கண் வைத்தார். வழிபாடும் இன்சொல்லும் ஒரு தொடரில் நிற்றல் கருதத்தக்கது.

அற்றேல், சிவபெருமானை நோக்காது செய்யும் நற்செயல் பசுபுண்ணியமேயாம்; அது பயன் கொடுத்துக் கழிவதோடு பிறவிக்கு ஏதுவுமாம்; ஆகலின் ஊரும் பேரும் அறியாத வழிப்போக்கர்க்குச் செய்யும் உதவியால் வீடுபேற்றிற்கு வரும் பயன் யாதோ எனின், இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு விடை பெரியபுராணத்து அப்பூதியடிகள் வரலாற்றிற் கிடைக்கின்றது.

திருவையாற்றுக்கு அணித்தாகிய திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், 7-ஆம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசு சுவாமிகளைக் காணாமுன்னரே அவர்பால் அன்பு பூண்டு, தம் மக்கள், அளவைகள், ஆனிரை, மடம், தண்ணீர்ப் பந்தர் ஆகிய அனைத்திற்கும் அவர் திருப்பெயரையே இட்டார். 12-ஆம் நூற்றாண்டில் இதனைப் பாடிய சேக்கிழார் சுவாமிகள், அப்பந்தர் மக்கள் போக்குவரவு ஒழியாத வழிக்கரையில் அமைந்தது என்றும், அருளுடையார் உள்ளம்போலக் குளிர்ந்தது என்றும் கூறினார். உள்ளத்திற்கு நீரை உவமை கூறுதல் உலக வழக்கு. இவரோ பந்தரின் தண்மைக்கு உள்ளத்தை உவமையாக்கினார். என்னையெனின், பந்தரின் தண்மை அதனை அமைத்தார் உள்ளத்துத் தண்ணளியினின்றும் வந்ததென்பது போதருதற்கென்க.

வருவாரை இன்னாரென ஆராய்ந்து நீர் அளிக்கும் கருத்து அடிகட்கு இருந்ததாயின், பந்தர் வழிக்கரைக்கண் அமைந்திராது, இல்லத்தினுள்ளே அமைந்திருக்கும். அளவிறந்தோர் வந்து செல்லும் அவ்விடத்திற்கே ஒருநாள் திருநாவுக்கரசரும் வந்தார். எங்கும் தம் பெயர் எழுதப்பட்டிருத்தல் கண்டு, அங்குள்ளாரை வினாவி, அடிகளின் இல்லத்தை அடைந்தார். நும் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியது என்னை என்று அவர் வினாவியபோது, வந்தவர் யாரென அறியாத அடிகள் வெகுண்டார். தம் பெயர் விளங்கவேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் ஒருசிறிதும் இல்லாமையை அவ்வெகுளியே காட்டும்.

இதனால், ஒரு நற்செயல் பசுபுண்ணியமாதலும் சிவபுண்ணியமாதலும் பெறுவார் தகுதியால் மட்டும் அமையா. செய்வார் உள்ளத்து நிலையாலும் அமையும் என்பது பெறப்படும். புகழ் கருதி ஈந்த நீரும், சிவனடியாரை நினைந்து ‘யான்’ என்பதை மறந்து ஈந்த நீரும் வேட்கை தணித்தலில் ஒன்றே. செய்தாரைப் பற்றும் வகையில் வேறாம். அறிந்தார்க்குச் செய்யும் உதவியில் கைம்மாறு கருதும் எண்ணம் அறியாமலே கலத்தல் கூடும். அயலாரோ பெற்றவுடன் தம் வழியே செல்வர், மீண்டுங் காணப்படார். பெருங்கொடை கல்லில் எழுதப்படும். ஒரு குவளை நீரை மாலைக்குள் ஈந்தவரே மறப்பர். ஆகவே ‘யான்’ ‘எனது’ என்பன பற்றுதற்கு இச்சிறு செயல்களில் இடம் மிகக் குறைவு. இவை தாமே மலத்தை நீக்கும் என்பதன்று. மலநீக்கம் திருவருளாலேயே ஆவது. அதற்கு உள்ளத்தைப் பக்குவப்படுத்துவன இவை என்க. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் சுபக்கத்துப் 12-ஆஞ் சூத்திரத்தில், ஈசன்பால் அன்பு, அடியார்பால் அன்பு, எவ்வுயிர்க்கும் அன்பு என்னும் இவற்றை ஒன்றோடொன்று தொடர்புடையனவாக வைத்தமையும் இக்கருத்தை வலியுறுத்தும்.

தமிழ்நாட்டு வழிகளில் நிற்கும் சுமைதாங்கிகளும் இதற்குச் சான்று. இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த அது, தலைச்சுமையோடு தனித்து வருவார் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் உதவுவது. கருவுற்ற நிலையில் இறந்த மகளிரின் நினைவாக நாட்டப்பட்டனவும் அவற்றுட் பல. தம் வீட்டுத் துயரை, முகமறியார் இளைப்பாறுங் கல்லாக்கினர் முன்னோர்.

இன்று தலைச்சுமையோடு நெடுவழி நடப்பார் அரியர். கற்கள் பல வறிதே நிற்கின்றன. எனினும் மருத்துவமனை வாயிலில் எப்பக்கம் செல்வதெனத் தெரியாது கலங்கி நிற்பாரும், கோடையில் நிழல்தேடி வீட்டு முகப்பில் ஒதுங்குவாரும் நாடோறும் உளர். அவர்க்கு முகங்கோணாது ஒருவிடை கூறுதலும், வாயிலில் ஒரு குடம் நீர் வைத்தலும் சைவ நன்மக்களுக்கு இயலாதனவல்ல. பூசை முடித்து எழுந்தவர், அப்பூசையின் தொடர்ச்சியாகவே இவற்றைக் கொண்டு கடைப்பிடிக்க.