குழந்தை காணாமற்போனால்

கிராமத்தில் ஒரு குழந்தை காணாமற்போயிற்று என்றால் அன்று எந்த வீட்டிலும் சோறு இறங்குவதில்லை. ஆடவர் கிணறு, ஏரி, வைக்கோற்போர் என்று தேடுவர். பெண்டிர் உறவினர் வீடுகளுக்கு ஆளனுப்புவர். தொன்றுதொட்டு வந்த இப்பழக்கம் போற்றத்தக்கதே. ஆனால் இந்நாளில் தேடப் போகாதவர்களும் ஒரு வேலையை மேற்கொண்டுவிடுகின்றனர். கைப்பேசியை எடுத்துக்கொண்டு, கடத்தியவர் யாராயிருக்கலாம் என்று துப்பறியத் தொடங்குகின்றனர். இதனால் விளையும் தீங்கினைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

2018ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தினர் காரை நிறுத்தி வழி கேட்டனர். உடன் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே குற்றமாயிற்று. கூட்டத்தார் அடித்ததில் அம்மூதாட்டி இறந்தார். உடன் வந்தோர் காயமுற்றனர். ஜூலை 1ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்து ரெயின்பாடா என்னும் சிற்றூரில், நாடோடி இனத்தார் ஐவர் சந்தை நாளன்று அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்களை இழுத்துச் சென்று அடித்த இடம் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகம் என்பதை அங்கத்தினர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொல்லப்பட்டவர் எவரும் பிள்ளை பிடிக்க வந்தவரல்லர்.

அந்நாளில் சுற்றிவந்த படமொன்றில், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தெருவில் நின்ற சிறுவனைத் தூக்கிச் செல்வர். அது பாகிஸ்தானிலுள்ள கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்பிற்கென எடுக்கப்பட்ட பிரசாரப் படமாகும். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவிப்பு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். அதன்பின், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் நம் நாட்டில் வரம்பு விதித்தது. ஐவர் ஆளுக்கு ஐவருக்கு அனுப்பினால் எவ்வளவு பெருகும் என்பதை, ஒரு நெல்மணி எத்தனை மணியாகும் என்றறிந்த உழவர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது வட்டாரத்திலேயே 11 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளியிலிருந்து வீடு திரும்பவில்லை. இருட்டுவதற்குள் அவளது படமும் தந்தையின் பெயரும் நூற்றுக்கணக்கானோர் கைகளுக்குச் சென்றுவிட்டன. மொபெட்டில் பிளாஸ்டிக் குடம் விற்பவரே கடத்தினார் என்று ஒரு சாராரும், மாற்றாந்தாயின் சூழ்ச்சி என்று மற்றொரு சாராரும் எழுதினர். உண்மையில் அவள் பரீட்சை மதிப்பெண்ணுக்கு அஞ்சிப் பேருந்தேறிப் பாட்டி வீட்டிற்குப் போயிருந்தாள். அவள் பேருந்தில் ஏறியதைத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கண்டிருந்தார். "குடம் விற்கிறவர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் கண்டது வேறு பிள்ளையாக இருக்கும் என்று இருந்துவிட்டேன்" என்றார் மறுநாள். ஊகத்தின் இரைச்சலில் கண்ணாற்கண்ட சாட்சி வாய்மூடிப்போனதையே நாம் பெருங்கேடாகக் கருதுகிறோம்.

செய்யவேண்டியது மிகவும் எளிது. ஒரு நாள் கழித்தே புகார் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தவறானது. காணாமற்போன குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு புகாரையும் கடத்தலாகவே கொண்டு வழக்குப் பதிய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 10-5-2013 அன்று உத்தரவிட்டுள்ளது. எல்லையைக் காட்டிக் காவல் நிலையத்தார் மறுக்கவும் கூடாது. 1098 அல்லது 112 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம். உடுத்தியிருந்த உடை, கடைசியாகக் கண்ட இடம், நேரம், அண்மையில் எடுத்த படம் ஆகியவை தேவை. பஞ்சாயத்துத் தலைவரைக் கொண்டமையும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு, இதற்கென ஒருவரை அமர்த்தி, ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டும் எழுதி வாங்கிக் காவலரிடம் சேர்ப்பித்தல் நலம்.

படத்தைப் பரப்புவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காணாமற்போன குழந்தையும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையே. அத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுதற்கு அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. காவல்துறை வெளியிடும் அறிவிப்பை மட்டும் அவ்வாறே அனுப்புக. குழந்தை கிடைத்தவுடன் அச்செய்தியை அதே இடங்களுக்கு அனுப்பிப் படத்தை நீக்கச் சொல்வதும் குழுவின் கடமை. மேற்சொன்ன ஊரில் இதை எவரும் செய்யவில்லை. எட்டு மாதங்களுக்குப் பின், திருவிழாவில் தாயுடன் நின்ற அச்சிறுமியை முன்பின் அறியாத ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ காணாமற்போன பெண்தானே?" என்று கேட்டிருக்கிறார். குடம் விற்பவர் இன்றுவரை அவ்வூர்ப் பக்கம் வருவதில்லை.