டிராக்டர் எண்ணெய்த் தொட்டியில் துரு நீக்கும் முறை

நெடுநாள் நிறுத்தி வைத்த டிராக்டர், மழை பெய்து மண் பதமான சமயத்தில் கிளம்ப மறுத்தால், உழவுப் பருவம் தவறிவிடும். இயந்திரத்தைப் பிரிக்குமுன் எண்ணெய்த் தொட்டியைச் சோதித்தல் நலம்.

பாதி காலியான தொட்டியிலுள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீர்த்துளிகளாகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமாகையால் அடியில் தங்கித் தகட்டை அரிக்கிறது. துருத்தூள் வடிகட்டியை அடைப்பதுடன் பம்பையும் நாசிலையும் கெடுத்துவிடும்.

தொட்டியைத் திறந்த வெளியில் கழற்றி வடிக்கவேண்டும். அருகில் பீடி, விளக்கு, மின்பொறி எதுவும் கூடாது. காலித் தொட்டியில் தங்கிய ஆவியும் வெடிக்கும். ஆகையால் ஓட்டையிருப்பினும் ஆவி அறவே நீங்காமல் பற்றவைக்கலாகாது.

சோப்பு கலந்த வெந்நீரால் பிசுக்கைக் கழுவியபின், சில நட்டுகளை எண்ணிப் போட்டுத் தண்ணீருடன் குலுக்கி, எண்ணியபடியே திரும்ப எடுக்கவேண்டும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து நிரப்பி, மூடியை இறுக்காமல் ஓர் இரவு வைக்கலாம். துரு அகன்றதும் வடித்துவிடவேண்டும். அதிக நேரம் வைத்தால் நல்ல இரும்பும் கரையும். நாகம் பூசிய தொட்டிக்கு இம்முறை ஆகாது. இறுதியில் சலவைச் சோடா நீரால் அலசி, நல்ல நீரால் கழுவி, வெயிலில் உடனே உலர்த்தி, சிறிது டீசலைச் சுழற்றிப் பூசுக. தாமதித்தால் மறுபடி துரு ஏறும். புது வடிகட்டி பொருத்துவதும் அவசியம்.

இச்சரக்குகள் வேலூர் லாங் பஜார் போன்ற கடைத்தெருக்களில் சொற்ப விலைக்குக் கிடைப்பவையே. தோல் பதனிடுவோர் அறிந்த கடுக்காயும் இதற்கு உதவும். அதன் துவர்ப்புச் சத்து துருவுடன் சேர்ந்து கருநிறமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி முன்னோர் மை செய்ததும் இவ்வாறே. தொட்டியின் வெளிப்புறத்தில் எஞ்சிய துருவின்மேல் கடுக்காய்க் கஷாயம் தடவி, உலர்ந்தபின் வர்ணம் பூசலாம், உட்புறத்தில் தடவலாகாது.

கழுவிய நீரைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டுதல் பெரும் பிழை. தோல் கழிவினால் பாலாற்றுப் பிரதேசத்தின் நிலத்தடி நீர் கெட்டதையிட்டு 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திரார். எண்ணெய் கலந்த கழிவைப் பீப்பாயில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படைக்கும்படி கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பாராக.

வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது தொட்டியை நிரப்பி வைப்பதே துருவைத் தடுக்கும் எளிய வழியாகும்.