ஃபிரிட்ஜ் லேபிளில் ஓர் ஓசோன் பாடம்

பல ஆண்டுகளாக ஓசோன் பாடத்தை நான் ஒரே மாதிரிதான் முடித்துவந்தேன். குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனை அழித்தன, 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, மாற்று வாயுக்கள் வந்தன, ஆபத்து நீங்கியது. அந்தக் கடைசி வரியைத் திருத்த வைத்தவன் என் பழைய மாணவன் ஒருவன்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவன் 2025 இறுதியில் தொலைபேசியில் அழைத்தான். "சார், வீட்டுக்கு ஹீட் பம்ப் வாங்கணும். புது கேஸ் போட்ட மெஷினுக்குத்தான் வரிச்சலுகை கிடைக்குமா?"

ஹீட் பம்ப் என்பது இரு திசையிலும் வேலை செய்யும் ஏ.சி.தான். கோடையில் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும். குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். அந்த வெப்பத்தைச் சுமப்பது மெக்கானிக்குகள் 'கேஸ்' என்று சொல்லும் குளிர்பதனப் பொருள்.

தேடிப் படித்த பிறகே அவனுக்குப் பதில் சொன்னேன். அவன் இரண்டு விதிகளை ஒன்றாக்கிவிட்டான். வரிச்சலுகை பார்த்தது மின்சாரச் சிக்கனத்தை. தகுதியுள்ள பொறிக்குச் செலவில் 30 விழுக்காடு, அதிகபட்சம் 2000 டாலர். அதுவும் 2025 டிசம்பர் 31-க்குள் பொருத்தி முடித்தால் மட்டுமே கிடைத்தது. வாயுவுக்கு வேறு சட்டம். புவி வெப்பமாதல் திறன் 700 அல்லது அதற்கு மேல் உள்ள வாயுவைக் கொண்ட வீட்டு ஏ.சி., ஹீட் பம்ப்களை 2025 ஜனவரி 1 முதல் அங்கே புதிதாகத் தயாரிக்கக் கூடாது. அதனால் 2088 மதிப்புள்ள ஆர்-410ஏ போய், 675 உள்ள ஆர்-32, 466 உள்ள ஆர்-454பி ஆகியவை வந்தன. ஒரு கிலோ வாயு, நூறு ஆண்டுகளில், ஒரு கிலோ கார்பன் டைஆக்சைடைவிட எத்தனை மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதே இந்த எண்.

ஆர்-410ஏ ஓசோனை அழிப்பதில்லை. ஆனால் ஓசோனைக் காக்க வந்த அந்த வாயுவே பூமியைச் சூடாக்குகிறது. இத்தகைய வாயுக்களைக் குறைக்கத்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. என் பாடத்தில் விடுபட்டது இதுதான்.

மறுவாரம் ஒன்பதாம் வகுப்பில், வீட்டு ஃபிரிட்ஜ் லேபிளில் உள்ள வாயுவின் பெயரையும் எடையையும் எழுதிவரச் சொன்னேன். (பார்த்து எழுதினால் போதும், எதையும் கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.) ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கடைகளில் பார்த்து வந்தார்கள். பழையவற்றில் ஆர்-134ஏ, புதியவற்றில் ஆர்-600ஏ. முதலாவதன் எண் 1430. இரண்டாவதன் எண் சுமார் 3. 100 கிராம் ஆர்-134ஏ கசிந்தால் 143 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். 50 கிராம் ஆர்-600ஏ கசிந்தால் 150 கிராம்தான். கரும்பலகையில் கிலோவும் கிராமும் அருகருகே நின்றபோது வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது.

"அப்போ எங்க பழைய ஃபிரிட்ஜில் புது கேஸை நிரப்பலாமா சார்?" என்றாள் ஒரு மாணவி. கூடவே கூடாது. ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம், எளிதில் தீப்பற்றும். எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்ட பொறியோ, அதையே நிரப்ப வேண்டும்.

"எடைக்குப் போட்டா உள்ளே இருக்கிற கேஸ் எங்கே சார் போகும்?" என்றாள் மறுபடியும். குழாயை வெட்டினால் காற்றில் கலந்துவிடும். வெட்டும் முன் அதைச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் கருவி உண்டு என்றேன். எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவர மூன்று பேர் கிளம்பியிருக்கிறார்கள்.