பன்றி ஈரலும் மஞ்சள் காமாலையும்
சோதனைக்கூடம் சொல்லும் சேதி என்ன?

மழை பிடித்து ஒரு மாதமானால் போதும், தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் ஏதாவது ஒரு வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகி விடுகிறது. உடனே பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டாய்?" என்பதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பன்றிக்கறி வெந்திருந்தால் தீர்ப்பு அப்போதே எழுதப்பட்டு விடும். கறி குற்றவாளி, அதைத் தின்றவன் பாவி!

இந்தத் தீர்ப்பு சரிதானா? இதைச் சாதாரண வாய்ப்பேச்சாக விட்டுவிட முடியாது. தினக்கூலி வாங்கும் ஒருவர் காமாலையில் படுத்தால் ஒரு மாதச் சம்பளம் போகிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. நோய் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால்தான் அந்த வழியை அடைக்க முடியும்.

டில்லியில் தொடங்கிய கதை

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் பல உண்டு. அவற்றில் ஒன்று 'ஹெபடைடிஸ் ஈ'. இந்தியாவுக்கு இது மிகவும் பழகிய எதிரி. 1955-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லி மாநகரில் சுமார் 29 ஆயிரம் பேர் காமாலையில் விழுந்தனர். யமுனை நதி திசை மாறியதால் நஜப்கர் சாக்கடைக் கழிவு, வஜீராபாத் குடிநீர் நிலையத்திற்குள் புகுந்ததே காரணம். 1978-ல் காஷ்மீர் பள்ளத்தாக்கில் இதே போன்ற நோய் பரவி, சுமார் 1,700 பேர் மாண்டனர். மாண்டவர்களில் கர்ப்பிணிகள் அதிகம் என்பதை டாக்டர் குரூ கவனித்து, இது அதுவரை அறியப்படாத புதிய கிருமியாக இருக்க வேண்டும் என்று 1980-ல் எழுதினார்.

1983-ல் பலயான் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஒரு துணிச்சலான காரியம் செய்தார். நோயுற்ற சிப்பாய்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்துக் காமாலையை வரவழைத்துக் கொண்டார்! பிறகு தம் மலத்திலேயே அந்தக் கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்.

இவ்வளவு காலமும் இது மனிதனை மட்டுமே பிடிக்கும் நோய், தண்ணீரில் மட்டுமே வரும் நோய் என்று எண்ணியிருந்தார்கள். 1997-ல் அந்த எண்ணம் மாறியது. அமெரிக்காவில் மெங் என்பவரும் அவரது குழுவினரும் பண்ணைப் பன்றிகளிடம் இதன் நெருங்கிய உறவுக் கிருமியைக் கண்டுபிடித்தனர். பன்றிக்குக் காமாலை வருவதில்லை, இரையெடுப்பது குறைவதில்லை. கொழுகொழுவென்றே இருக்கிறது. ஆனால் அதன் ஈரலிலும் பித்தத்திலும் சாணத்திலும் கிருமி குடியிருக்கிறது.

ஜப்பான் கற்ற பாடம்

மாமிசத்தின் வழியாகவும் இது மனிதனுக்கு வரும் என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிய நாடு ஜப்பான். அங்கே மான் இறைச்சியைப் பச்சையாகத் தின்ற சிலருக்குக் காமாலை வந்தது. மிச்சம் வைத்திருந்த இறைச்சியைச் சோதித்தபோது அதே கிருமி அதிலும் இருந்தது. காட்டுப்பன்றி ஈரலைத் தின்ற இருவருக்கு நோய் கண்டு அவர்களில் ஒருவர் இறந்தார். ஹொக்கைடோவில் கடைகளில் விற்ற 363 பன்றி ஈரல் பொட்டலங்களைச் சோதித்ததில் 7-ல் கிருமி தென்பட்டது. இவையெல்லாம் 2003-ல் வெளியான செய்திகள். 2015-ல் ஜப்பான் அரசு, உணவு விடுதிகளில் பன்றி இறைச்சியையும் ஈரலையும் பச்சையாகப் பரிமாறுவதற்குத் தடை விதித்தது. ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளிலும் வேட்டையாடப்பட்ட காட்டுப்பன்றிகளிடம் இக்கிருமி காணப்பட்டுள்ளது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

தேவ்நாரில் 1971 முதல் இயங்கும் மாநகராட்சி இறைச்சிக் கூடத்தைச் செம்பூர், கோவண்டி வாசிகள் அறிவார்கள். இதுபோன்ற கூடங்களில் கால்நடை மருத்துவர் பிராணியை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பார்க்கிறார். சதையில் நாடாப்புழுக் கட்டி இருக்கிறதா, ஈரல் புண்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. கிருமியுள்ள ஈரலும் நல்ல ஈரலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகையால் ஆராய்ச்சிக்கூடத்தின் உதவி தேவைப்படுகிறது. இரண்டு வகைச் சோதனைகள் உண்டு. முதலாவது 'எலைசா' ரத்தச் சோதனை. பன்றியின் உடல் எப்போதாவது இக்கிருமியுடன் போராடியிருந்தால் அதற்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் நிற்கும். வந்த திருடன் போய்விட்டாலும் மண்ணில் காலடித் தடம் கிடப்பது போல! இரண்டாவது 'பி.சி.ஆர்.' சோதனை. ஈரல் துண்டு, பித்தநீர், சாணம் இவற்றிலிருந்து கிருமியின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிப் பார்ப்பது. இதில் தெரிந்தால், திருடன் இப்போதும் வீட்டிற்குள் இருக்கிறான் என்று பொருள்.

பெரும்பாலான பன்றிகளுக்குச் சில மாதக் குட்டியாக இருக்கும்போதே தொற்று வந்து, வெட்டுக்கு வரும் வயதில் தணிந்து விடுகிறது. எனவே எதிர்ப்புப் பொருள் உள்ள பன்றிகள் பலவாகவும், ஈரலில் கிருமி உள்ளவை சிலவாகவுமே இருக்கும். அந்தச் சில எவை என்பது வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல்.

புனே சொன்ன விடை

நமக்கு வேண்டிய விடை அருகிலேயே, புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அங்கே டாக்டர் வித்யா அரன்கல்லேயும் அவரது குழுவினரும் மேற்கிந்தியாவில் மனிதர்களிடம் கண்ட கிருமியையும் பன்றிகளிடம் கண்ட கிருமியையும் ஒப்பிட்டு 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மனிதர்களைப் பிடித்திருந்தது முதல் இனம். பன்றிகளிடம் இருந்தது நான்காம் இனம். இரண்டும் ஒன்றல்ல!

முதல் இனம் சாக்கடை கலந்த தண்ணீரில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. மூன்றாம், நான்காம் இனங்களே பன்றி, காட்டுப்பன்றி வழியாக வருபவை. ஆக, நம் பகுதியில் காமாலையில் படுப்பவரைப் பெரும்பாலும் படுக்க வைப்பது கறிச்சட்டி அல்ல, தண்ணீர்க் குடமே. 2012-ல் விசைத்தறி நகரமான இச்சல்கரஞ்சியில் பல குடும்பங்களைக் கலங்கடித்த காமாலையும் குடிநீர் வழியே வந்த ஹெபடைடிஸ் ஈ தான்.

மும்பையின் பல குடிசைப் பகுதிகளில் குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வருகிறது. மற்ற நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கிறது. சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் கழிவு உள்ளே கசிகிறது. அதிலே மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். கிருமி உடலில் புகுந்து இரண்டு முதல் பத்து வாரங்கள் கழித்தே காமாலை தெரியும். அதனால்தான் குடித்த தண்ணீர் மறந்து, நேற்றுத் தின்ற கறி மட்டும் நினைவில் நிற்கிறது!

என்ன செய்ய வேண்டும்?

இதனால் பன்றிக்கறிக்கு முழு நற்சாட்சி கிடைத்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. நன்றாக வேகாத ஈரல் எந்த நாட்டிலும் ஆபத்துதான். 56 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தும் கிருமி சாகவில்லை என்றும், ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தபோது செயலிழந்தது என்றும் 2008-ல் அமெரிக்காவில் நடந்த சோதனை காட்டியது. எனவே மிளகு போட்டுக் குழைய வேகவைக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். தணலில் லேசாக வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தின்பதுதான் கெட்ட வழக்கம். ஈரல் நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம் நறுக்கக்கூடாது. பன்றி வளர்ப்போரும், வெட்டுவோரும், குடல் கழுவுவோரும் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம்.

விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையடிவாரத்தில் 'காட்டுப்பன்றி கிடைத்திருக்கிறது' என்று யாராவது ரகசியமாகக் கொண்டு வந்தால் ஆசைப்பட வேண்டாம். அனுமதியின்றி அதை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த இறைச்சியை எந்தக் கால்நடை மருத்துவரும் பார்த்திருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதில் ஒரு நாள் கூடத் தவறக்கூடாது. கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் கண்டால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்க நேரிடுகிறது. சிறுநீர் மஞ்சளாகி, சோறு கண்டால் குமட்டினால், பச்சிலை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் சயான் ஆஸ்பத்திரிக்கோ கஸ்தூர்பா தொற்றுநோய் மருத்துவமனைக்கோ போய் ரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரே சந்தில் இரண்டு மூன்று பேருக்குக் காமாலை கண்டால், கறிக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதை விட்டு, வார்டு அலுவலகத்திற்குப் போய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக் கூட்டாக மனுக் கொடுப்பதே புத்திசாலித்தனம். அடைக்க வேண்டிய ஓட்டை குழாயில் இருக்கிறது.