ரசீது என்றால் என்ன?

நாம் தினமும் எழுதும் 'ரசீது' பாரசீகச் சொல். 'வந்து சேர்ந்தது' என்பது பொருள். 'வசூல்' அரபுச் சொல். அதற்கும் வந்து சேர்தல் என்றே அர்த்தம்!

ஆகவே பில் வேறு, ரசீது வேறு. பில், சரக்குப் போட்டவர் கேட்பது. ரசீது, பணம் பெற்றவர் ஒப்புக்கொள்வது. பில்லைக் கம்பியில் குத்தி, பேரேட்டில் பற்று எழுதினால் போதும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். தகராறு வந்தால் பேரேட்டில் இருப்பது நம் கையெழுத்துதானே! 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

2017-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16-ஆம் பிரிவும் இதையேதான் கேட்கிறது. பில் மட்டும் கையில் இருந்து பயனில்லை. சரக்கும் வந்து சேர்ந்திருந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். ஈரோட்டு மஞ்சளோ, காங்கேயம் தேங்காய் எண்ணெயோ, லாரி ஆபீஸ் சீட்டையும் எடைச் சீட்டையும் அந்தந்தப் பில்லோடு சேர்த்தே வைப்போம்.