துண்டுச் சீட்டும் விடுதலைச் சீட்டும்

அடிமை வாழ்வு என்றதும் நம் மனக்கண்முன் எழுபவர்கள் எகிப்து நாட்டில் செங்கல் அறுத்த இஸ்ராயேல் மக்களும், அமெரிக்கப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களுமே. அத்துயரம் எங்கோ, எப்போதோ நடந்து முடிந்தது என்று எண்ணி ஆறுதல் அடைகிறோம். ஆனால், நாம் வாழும் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் அடிமை வரலாறு ஒன்று உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒரு மனிதன் மற்றொருவனின் உடைமை என்னும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. சங்கிலி அறுந்தது, ஆனால் அதன் இடத்தில் கடன் வந்து அமர்ந்துகொண்டது. தந்தை வாங்கிய கடனுக்காக மகன் பண்ணையாளாகி ஆடு மேய்த்த கொடுமை நம் மேட்டுக்காடுகளில் பன்னெடுங்காலம் நீடித்தது. திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கூளமாதாரி’ என்னும் நாவல், அத்தகைய சிறுவன் ஒருவனின் வாழ்வையே சித்திரிக்கிறது.

பஞ்சத்திலிருந்தும் பண்ணையடிமை வாழ்விலிருந்தும் தப்ப விரும்பிய பல்லாயிரவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அழைத்துச் சென்றவர் கங்காணி. வழிச்செலவுக்கும் வீட்டுச்செலவுக்கும் அவர் கொடுத்த பணம் உடனே கடனாகப் பதிவாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குப் போக வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு தேவைப்பட்டது. புதிய துரை அத்தொகையைச் செலுத்தித் தொழிலாளியைப் பெற்றுக்கொள்வார். ஆள் மாறினான், கடன் மாறவில்லை. இந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அன்பார்ந்த வாசகர்களே! அந்தத் துண்டுச் சீட்டு மறைந்துவிட்டதா? குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களில் ‘பாக்கி’ என்ற சொல்லை அறியாதவர் இல்லை. மகளின் திருமணம், மனைவியின் மருத்துவச் செலவு, மழைக்காலத்துப் பட்டினி: ஏதோ ஒரு நெருக்கடியில் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கப்படுகிறது. வேறு கூடத்திற்குப் போக வேண்டுமானால் புதிய முதலாளி பழைய பாக்கியைத் தீர்க்கவேண்டும். இதற்கும் தேயிலைத் தோட்டத்துத் துண்டிற்கும் எவ்வளவு ஒற்றுமை!

முன்பணம் கொடுப்பதெல்லாம் அடிமைத்தனம் அன்று. இதை நாம் நடுநிலையோடு சொல்லவேண்டும். அவசரத்தில் உதவும் நல்ல முதலாளிகள் உண்டு. வாங்கிய தொகையோடு ஓடிவிடும் தொழிலாளிகளும் உண்டு. ஆனால், கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போக விடாமல் தடுப்பதும், விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையைப் பறிப்பதும் கொத்தடிமைத்தனம் என்றே 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கூறுகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்தது.

அச்சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் முழுவதும் இல்லாமற் போகிறது. அதைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கொடுத்தவரையே சாரும். மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ முறையிட்டால், விசாரணைக்குப்பின் விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும். துண்டுச் சீட்டு கட்டிப்போட்டது, இச்சீட்டு கட்டவிழ்க்கிறது.

எனினும், சீட்டு மட்டும் சோறு போடுமா? இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். செங்கடலைக் கடந்த இஸ்ராயேலர், பசி எடுத்ததும் எகிப்தின் இறைச்சிப் பானைகளை நினைத்து ஏங்கினர் என்று யாத்திராகமம் கூறுகிறது. கையில் ஒன்றுமின்றி வெளியே வந்தவன், அடுத்த நோயிலோ அடுத்த திருமணத்திலோ மீண்டும் முன்பணத்தைத் தேடிப் போவதில் வியப்பு என்ன? ஆதலால்தான் உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர், விடுதலையாகும் அடிமையை வெறுமையாக அனுப்பலாகாது, மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் அவனுக்குத் தாராளமாகக் கொடுக்கவேண்டும் எனக் கட்டளையிட்டார். மீட்பு ஒரு நாளில் நிகழலாம். மறுவாழ்வு அவ்வாறு நிகழ்வதில்லை.

மறுவாழ்வு நடவாத காரியமும் அன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சூளைகளில் கொத்தடிமைகளாய் இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள், 2022 இல் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ‘சிறகு’ என்ற பெயரில் தாங்களே ஒரு சூளையை நடத்தத் தொடங்கினார்கள். செங்கல் அதே செங்கல்தான். அறுக்கும் கையும் அதே கைதான். விலையும் கணக்கும் இப்போது அவர்களுடையவை.

இங்கே புனித சின்னப்பரின் மற்றொரு சீட்டையும் நினைவுகூர்வோம். தன் தலைவன் பிலமோனிடமிருந்து தப்பி வந்தவன் எனக் கருதப்படும் ஒனேசிமு என்னும் அடிமைக்காக, சிறையிலிருந்தபடி அவர் கடிதம் எழுதினார். இவனை இனி அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று வேண்டினார். அதோடு நின்றாரா? அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறும் கேட்டார். கடனின் சுமையைத் தம் தோளில் ஏற்ற அந்தச் சொல்லில்தான் சகோதர அன்பு மெய்யாகிறது.

நம் பங்குகளில் தறி ஓட்டுபவர்களும் உண்டு, தறி உடையவர்களும் உண்டு. இருவரும் ஒரே பீடத்தின்முன் மண்டியிடுகிறார்கள். முதலாளியாய் இருப்பவர் கணக்கை எழுத்தில் காட்டட்டும்; பாக்கியைக் காட்டி எவரையும் நிறுத்தி வைக்காதிருக்கட்டும். தொழிலாளியாய் இருப்பவர் ஆடம்பரத் திருமணத்திற்காகத் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அடகு வைக்காதிருக்கட்டும். பள்ளியை விட்டுத் தறிக்குப் போகும் பிள்ளையை அன்பியத்தார் தேடிச் சென்று விசாரிக்கட்டும். நோயின் நாளில் கைகொடுக்க ஒரு சிறு சேமிப்பு நிதியை ஒவ்வொரு பங்கும் ஏற்படுத்தட்டும். அந்த நிதியிலிருந்து முதல் ஆயிரம் ரூபாய் ஓர் ஏழைத் தாயின் கையைச் சேரும்போது, ஒரு முன்பணச் சீட்டு எழுதப்படாமலே போகும்.