கொதிநீரின் கரையில் பாசிக் குடிகள்

அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்தில், 1872ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பெற்று வரும் யெல்லோஸ்டோன் பிரதேசத்தில், ஏறத்தாழ நூறு மீட்டர் அகலமுள்ள 'கிராண்ட் பிரிஸ்மாட்டிக்' என்னும் வெந்நீர் ஊற்று உண்டு. அதன் நடுவே ஆழ்ந்த நீலமும், அந்நீலத்தைச் சூழப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு என வளையங்களும் அமைந்திருப்பதைக் காண்போர், பூமியிலிருந்து வெளிப்படும் கந்தகமும் இரும்புமே இத்தனை வர்ணங்களையும் தீட்டியிருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் நடுவிலுள்ள நீலத்தைத் தவிர்த்தால், அவ்வர்ணங்கள் பெரும்பாலும் உயிருள்ளவை. நடுநீரின் உஷ்ணத்தில் பாசி வாழ இயலாது. ஆகையால் அது தெளிந்து நின்று, சூரிய ஒளியின் செந்நிறத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நீர் விளிம்பை நோக்கிப் பரவி ஆறத் தொடங்கும் இடத்திலேதான் ஜீவராசிகளின் குடியிருப்பு ஆரம்பமாகிறது.

அந்த ஆரம்பம் எங்கே என்பதை மிகத் துல்லியமாகவே சொல்லிவிடலாம். சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர் எதுவும் 73 அல்லது 74 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வாழ்வதாக இதுவரை காணப்படவில்லை. அதற்கு மேலும், கொதிநிலையையே கடந்தும், வாழும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் அவை ஒளியை நம்பியவை அல்ல. இந்த எல்லைக்கோட்டை ஒட்டி முதன்முதலாகக் குடியேறுவது, நீலப்பச்சைப்பாசி என்று நெடுங்காலமாக வழங்கப்பெற்று, இன்று பாக்டீரியா இனத்தைச் சேர்ந்ததென்று தெளியப்பட்டிருக்கும் சயனோபாக்டீரியாக்களில் ஒன்றான சைனக்கோக்காக்கஸ் என்னும் சிறு கோலுருவ உயிர். யெல்லோஸ்டோனிலுள்ள 'ஆக்டோபஸ்' ஊற்றின் வடிகாலில் பல்லாண்டுகள் ஆராய்ந்த டேவிட் வார்டும் அவருடைய சகாக்களும், உருப்பெருக்கியில் பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும் இவ்வுயிர்கள், மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது பல வகைகளாகப் பிரிவதையும், ஒவ்வொரு வகையும் தனக்கு இசைந்த உஷ்ணத்தில் மட்டும் செழித்து, ஓடைநெடுக வரிசையாக இடம் பிடித்திருப்பதையும் கண்டனர். கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் ஒரு முழப் பரப்பில் இத்தனை பேதங்கள் அடங்கியிருப்பது என்னை இன்றும் வியப்பில் ஆழ்த்துகிறது.

யெல்லோஸ்டோனில் உஷ்ணம் 60 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கியதும், மாஸ்டிகோக்ளாடஸ் என்னும் கிளைத்த இழைப்பாசி தோன்றுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உணவாக்கும் ஆற்றல் உடையதாகையால், நைட்ரஜன் உப்புக்கள் அரிதாயுள்ள ஊற்றுக்களிலும் அது வளம் பெறுகிறது. ஐஸ்லாந்தின் ஊற்றுக்களில், உஷ்ணத்தைத் தாங்கும் சைனக்கோக்காக்கஸ் காணப்படாமையால், ஏறத்தாழ 63 டிகிரி வரையில் இந்த மாஸ்டிகோக்ளாடஸே எல்லைக் குடியாக விளங்குகிறது. நீரின் உஷ்ணமும் ரசாயன குணமும் ஏற்றனவாயிருந்தாலும், வந்து சேராத உயிர் அங்கே வாழ முடியாதல்லவா? குளிர்ந்த நிலமும் கடலும் சூழ்ந்த வெந்நீர் ஊற்றுக்கள் ஒவ்வொன்றும் ஒரு தீவேயாம்.

இவ்வுயிர்கள் தனித்தனியே வாழ்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாய் விரித்தாற்போன்ற படலமாகப் படிகின்றன. மேலேயுள்ள மெல்லிய பச்சை அடுக்கு சயனோபாக்டீரியாக்களுடையது. அதன் கீழே, பிராணவாயுவை வெளியிடாமலே ஒளியைப் பயன்படுத்தும் குளோரோஃபிளெக்சஸ் முதலான இழை பாக்டீரியாக்கள் செம்மஞ்சள் அடுக்காக அமைகின்றன. நண்பகலில் மேலடுக்கு வெளியிடும் பிராணவாயு, கரைந்து அகலவும் நேரமின்றிச் சிறு குமிழிகளாய்த் திரள்கிறது. சூரியன் மறைந்ததும், சில நிமிஷங்களுக்குள்ளாகவே, படலத்தினுள் பிராணவாயு அற்றுப் போகிறது. அப்பொழுது சைனக்கோக்காக்கஸ் பகலில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்னும் மாப்பொருளைப் புளிக்கச் செய்து உயிர் தாங்குகிறது. அதிலிருந்து கசியும் அமிலங்கள் அண்டை உயிர்களுக்கு ஆகாரமாகின்றன. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலையும் இந்தப் பகலிரவு மாற்றத்துக்கு உட்பட்டதே. அதற்குரிய நொதி பிராணவாயு பட்டால் கெட்டுவிடும் தன்மையது. இருளிலோ அவ்வேலைக்குப் போதிய சக்தி இல்லை. ஆகவே, ஒளி மங்கியும் பிராணவாயு பெருகாமலும் இருக்கும் அந்தியிலும் விடியற்காலையிலும் அவ்வேலை மும்முரமாக நடைபெறுகிறது.

பருவத்திற்கேற்ப நிறமும் மாறும். கோடையின் கடும் வெயிலில் இவ்வுயிர்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், செம்மஞ்சள் நிறப்பொருள்களை மிகுதியாக உண்டாக்குவதால், படலம் செவ்விய வர்ணம் கொள்கிறது. வெயில் குறைந்த பனிக்காலத்திலோ பச்சையம் மேலோங்கித் தெரிகிறது.

அமில ஊற்றுக்களில் காட்சியே வேறு. பி.எச். அளவு 4க்குக் கீழே இறங்கிய நீரில் சயனோபாக்டீரியாக்கள் காணப்படுவதில்லை என்பதை நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் தாமஸ் பிராக் 1973இல் எடுத்துக்காட்டினார். அவ்விடங்களில் 56 டிகிரி வரையில் பச்சைப் போர்வையாய்ப் படர்வன சயனிடியம், கால்டீரியா முதலியவை. பச்சையாகத் தோன்றினும் இவை செம்பாசி வகுப்பைச் சேர்ந்த மெய்யான பாசிகள். கால்டீரியாவின் மரபணுக்களுள் ஒரு பகுதி பாக்டீரியாக்களிடமிருந்தும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களிடமிருந்தும் வந்தது என்பது 2013இல் வெளியாயிற்று; தாங்கொணாத சூழலில் வாழும் திறனைப் பிற உயிர்களிடமிருந்தும் பெற முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் யெல்லோஸ்டோனில் கண்டெடுத்து, 1969இல் உலகுக்கு அறிவித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவின் நொதியே, இன்று மரபணுப் பரிசோதனைச் சாலைகள் எங்கும் பயன்படுகிறது. பாசி ஆராய்ச்சியில் நம் சென்னைக்கும் பெருமை உண்டு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' என்னும் பெருநூல், நீலப்பச்சைப்பாசிகளை இனம் பிரித்தறிய இன்றும் பலர் நாடும் நூலாகும்.

இத்துணை நுட்பமான குடியமைப்பு எவ்வளவு எளிதில் குலையும் என்பதற்கு யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள 'மார்னிங் குளோரி' ஊற்று சாட்சி. ஒரு காலத்தில் முழுநீலமாய் விளங்கிய அதனுள், வந்தவர்கள் வேடிக்கையாகவும் வேண்டுதலாகவும் நாணயங்களையும் கற்களையும் குப்பையையும் எறிந்தனர். 1950இல் நீர்மட்டத்தைக் குறைத்து ஊற்றைப் பீறிடச் செய்தபோது நாணயங்களும் கைக்குட்டைகளும் காலுறைகளும் வெளிவந்தன. அடைபட்ட துவாரங்கள் முழுதும் திறக்கவில்லை. வெந்நீரின் வரவு குறைந்து குளம் ஆறியதனால், முன்பு கரையோரத்தில் நின்ற பாசிகள் நடுவை நோக்கி முன்னேறின. இன்று சுற்றுலாப் பயணிகள் ரசித்துப் படமெடுத்துச் செல்லும் மஞ்சளும் செம்மஞ்சளும் அவ்வாறு வந்தவையே.